நெல்லை அவிக்கும் கிடாரமும் விற்றமின் பி1உம்

காலபோக அறுவடை முடிந்ததும் விற்பனைக்குரிய நெல் வயற்கரையிலிருந்தே லொறி ஏறிவிடும். வீட்டுச் சோற்றுக்கென ஒதுக்கிய மூடைகள் மட்டும் வளவுக்கு வரும். வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பல கிராமங்களில் அந்த நெல்லை வீட்டிலேயே அவிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. முதல்நாள் நெல்லைத் தண்ணீரில் ஊறவிடுவார்கள். மறுநாள் கல்லடுப்பில் கிடாரத்தை ஏற்றி, உமி வாய் பிளக்கும்வரை அவித்து இறக்குவார்கள். பிறகு பாயிலோ தறப்பாளிலோ பரவிக் காயவிட்டு, காலால் வரிவரியாகக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். கொதிவெயிலில் ஒரேயடியாகக் காய்ந்த நெல் மில்லில் குறுணலாக உடைந்துவிடும் என்பதால் வெயிலும் நிழலும் பார்த்துக் காயவைக்க வேண்டும். இது பெரும்பாலும் பெண்களின் வேலை. அடுப்புப் புகையும் வெயிலும் சேர்ந்து முதுகை முறிக்கும் வேலை.

ஏன் அவிக்கிறீர்கள் என்று கேட்டால் வரும் பதில்கள் தெளிவானவை. அரிசி உடையாது, பூச்சி எளிதில் பிடிக்காது, சோறு உதிரியாக வரும், சாப்பிட்டால் வயிற்றில் நிற்கும். எல்லாமே உண்மை. இன்னொரு காரியமும் அந்தக் கிடாரத்துக்குள் நடக்கிறது. அது வேதியியலாளரின் கண்ணுக்குப் படக் கடந்த நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெல்மணியின் தவிட்டிலும் முளையை ஒட்டிய பகுதியிலும் செறிந்திருக்கும் தயமின், அதாவது விற்றமின் பி1, நீரில் கரையக்கூடியது. நெல் ஊறும்போது அது கரைந்து மணியின் உட்பக்கம் நகர்கிறது. சூடு ஏறும்போது மாப்பொருள் இளகிப் பசையாகி, ஆறும்போது இறுகிக்கொள்கிறது. உள்ளே போன விற்றமின் அங்கேயே அகப்பட்டுவிடுகிறது. அதன்பின் மில் எவ்வளவுதான் தீட்டினாலும் அதில் பெரும்பங்கு அரிசியிலேயே தங்கும்.

இந்திய உணவுச் சத்து அட்டவணைகள் இதை எண்களில் காட்டுகின்றன. மில்லில் தீட்டிய பச்சையரிசி 100 கிராமில் 0.06 மில்லிகிராம் தயமின் உண்டு. மில்லில் தீட்டிய புழுங்கலரிசியில் 0.21. கையால் குற்றிய புழுங்கலரிசியில் 0.27. பச்சையரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் இடையில் மூன்றரை மடங்கு வேறுபாடு. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 1.2 மில்லிகிராம், பெண்ணுக்கு 1.1, கருவுற்றவருக்கும் பாலூட்டும் தாய்க்கும் 1.4 தேவை. நாளுக்கு 400 கிராம் அரிசி உண்பவருக்கு, சமையலில் எதுவும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், வெள்ளைப் பச்சையரிசி தருவது 0.24 மில்லிகிராம் மட்டுமே. புழுங்கலரிசி 0.84 தந்துவிடும். மிச்சத்தைப் பருப்பும் மீனும் மரக்கறியும் ஈடுசெய்யலாம். கறி வாங்க வழியில்லாத வீட்டில் உயிருக்கும் நோய்க்கும் இடையே நிற்பது அரிசியின் வகைதான்.

இவ்வளவு சிறிய அளவில் வேண்டப்படும் ஒரு பொருள் உடலில் அப்படி என்னதான் செய்கிறது?

சோறு சமித்துக் குளுக்கோஸாகிறது. கலத்துக்குள் போன குளுக்கோஸ் உடைந்து பைருவிக் அமிலமாகிறது. அதுவரை கிடைக்கும் சக்தி சொற்பம். பைருவிக் அமிலம் இழைமணிக்குள் நுழைந்து மேலும் எரிந்தால்தான் முழுச் சக்தியும் வெளிவரும். அந்த நுழைவாயிலில் வேலை செய்யும் நொதியத்துக்குத் தயமின் துணையாக நின்றே ஆக வேண்டும். அதைத் தொடர்ந்து உள்ளே நடக்கும் எரிதல் வட்டத்தில் இருக்கும் இன்னொரு நொதியத்துக்கும் அது வேண்டும். இரணைமடுக்குளம் வான்பாயும் அளவுக்கு நிறைந்திருந்தாலும் துருசு திறபடாவிட்டால் கீழே வயல் காயும். தயமின் இல்லாத உடலின் நிலையும் அதுவே. வயிறு நிறையச் சோறு இருக்கும், இரத்தத்தில் சீனி இருக்கும், கலம் மட்டும் பட்டினி கிடக்கும். எரியாத பைருவிக் அமிலம் இலற்றிக் அமிலமாகி உடலில் தேங்கும்.

ஓயாமல் சக்தி கேட்கும் உறுப்புகளே முதலில் தளர்கின்றன: நரம்பு, இதயம், மூளை. நரம்பு பாதிக்கப்பட்டால் பாதம் எரியும், விறைக்கும். குந்தியிருந்தவர் கையூன்றாமல் எழும்ப முடியாது. இதயம் பாதிக்கப்பட்டால் கால் வீங்கும், மூச்சு முட்டும். இவ்விரண்டும்தான் பெரிபெரி. மூளை பாதிக்கப்படும்போது நோய்க்கு வேறு பெயர். சோறு கூடக்கூடத் தயமின் தேவையும் கூடும் என்பது அரிசி உண்ணும் மக்கள் கவனிக்க வேண்டிய கணக்கு. உடலில் இருக்கும் மொத்தச் சேமிப்பே 25 முதல் 30 மில்லிகிராம் வரைதான். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் அது வற்றத் தொடங்கிவிடும். பி12 போல ஈரலில் ஆண்டுக்கணக்காகத் தங்கும் விற்றமின் அல்ல இது.

இந்த உண்மை கண்டுபிடிக்கப்பட்ட கதையில் தமிழருக்கும் புழுங்கலரிசிக்கும் உள்ள இடத்தை நம்மவர்கள் அதிகம் அறியவில்லை. பாடநூல்கள் சொல்வது ஜாவாவின் கோழிகளை: 1890களில் பத்தாவியாவில் ஒல்லாந்து மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியில் தேறுவதையும் கண்டார். அவருடைய நண்பர் வோர்டர்மன் ஜாவாவின் சிறைகளை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி கொடுத்த சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் பெரிபெரி. தவிடு நீங்காத அரிசி கொடுத்தவற்றில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவர். ஆனாலும் எய்க்மன், அரிசி மாவில் ஏதோ நஞ்சு இருப்பதாகவும் தவிடு அதை முறிப்பதாகவும் எண்ணினார். நஞ்சு ஒன்றுமில்லை, ஏதோ ஒன்று குறைகிறது என்று 1901இல் சொன்னவர் அவருக்குப் பின்வந்த கெறிற் கிறைன்ஸ்.

மலாயாவில் கதை வேறு வழியில் போனது. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் சீயத்திலிருந்து வந்த வெள்ளையரிசியைத் தின்று பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்தபோது, அதே மண்ணில் உழைத்த தமிழர்களிடம் அந்த நோய் அரிதாகவே இருந்தது. அவர்கள் உண்டது புழுங்கலரிசி. மருத்துவர் பிறடன் இதை உற்றுக் கவனித்து 1907இல் ஒரு பெரிய நூலே எழுதினார். அதே காலத்தில் வில்லியம் பிளெச்சர் கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பச்சையரிசியும் மறுபகுதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சையரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கத்தில் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. தம் விருப்பம் கேட்கப்படாமலேயே சோதனைக்குள்ளான அந்த 18 பேரின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. அறிவியலின் இந்தப் படி அவர்கள்மேல்தான் ஏறியது என்பதையாவது சொல்லியாக வேண்டும். அடுத்து பிறேசரும் ஸ்ரான்டனும் காட்டுப்பகுதியில் வேலை செய்த ஜாவாத் தொழிலாளர் 300 பேரிடம் இதையே செய்து, குழுக்களின் அரிசியை மாற்றியும் பார்த்து, ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவினார்கள்.

சென்னை மாகாணத்திலும் இந்தக் கோடு தெளிவாக விழுந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் றொபேட் மக்கரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். மாகாணத்தின் வடக்கே, பச்சையரிசி உண்ணும் தெலுங்குக் கரையோர மாவட்டங்களில் நோய் வேரூன்றியிருந்தது. புழுங்கலரிசி உண்ணும் தமிழ் மாவட்டங்களில் அது இல்லை. மக்கரிசனுக்குப் பின் குன்னூரைப் பொறுப்பேற்ற எய்க்றொய்ட், 1940இல் தம் குழுவினரோடு வெளியிட்ட அறிக்கையில் இதற்கான காரணத்தை அரிசியின் தயமின் அளவுகளைக் கொண்டே விளக்கினார். இரு பகுதியிலும் வறுமை ஒன்று, வெப்பம் ஒன்று, மில் இயந்திரமும் ஏறத்தாழ ஒன்று. நெல்லை அவித்தார்களா இல்லையா என்பதே வேறுபாடு. தயமினின் கட்டமைப்பைக் கண்டறிந்து 1936இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க வேதியியலாளர் றொபேட் வில்லியம்ஸ் பிறந்ததும் இதே மாகாணத்தின் நெல்லூரில்தான், மிசனறிப் பெற்றோருக்கு. அந்தச் செயற்கைத் தயாரிப்புக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் ஜாவாவில் ஜான்சனும் டொனாத்தும் ஏறத்தாழ 300 கிலோ தவிட்டிலிருந்து 100 மில்லிகிராம் அளவிலான பளிங்குகளைப் பிரித்தெடுத்திருந்தார்கள்.

இலங்கையின் மருத்துவப் பதிவுகளிலோ இந்த நோயின் வரலாறு குழம்பிக் கிடக்கிறது. 1887இல் தலைமைக் குடிசார் மருத்துவ அதிகாரி கின்சி, இலங்கையின் சோகை அல்லது பெரிபெரி என்று தலைப்பிட்டு ஓர் அறிக்கை எழுதினார். அவர் விவரித்த நோயாளிகள் பலரிடம் இருந்தது கொழுக்கிப்புழுவால் வந்த சோகை. வீக்கமும் களைப்பும் இரண்டுக்கும் பொது என்பதால் வந்த மயக்கம் அது. இன்றைக்கும் கால் வீங்கிய ஒருவரைப் பார்த்தால் சிறுநீரகம், ஈரல், சோகை என்று மருத்துவ மனம் ஓடும். தயமின் கடைசியாகத்தான் நினைவுக்கு வரும்.

வன்னியில் இதைப் பேசும்போது 2009ஐத் தாண்டிப் போக முடியாது. நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அடைபட்ட மக்கள், போரின் இறுதி வாரங்களில் அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியில் உயிர் வைத்திருந்தார்கள். இன்று அதன் நினைவாக ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சி வழங்கப்படுவது அந்தக் கஞ்சிதான். ஒரு கையளவு, 50 கிராம் அரிசி என்று கொள்வோம். அவித்த நெல்லின் அரிசியானால் அதில் 0.1 மில்லிகிராம் தயமின். வெள்ளைப் பச்சையரிசியானால் 0.03. கஞ்சியில் தண்ணீரை வடித்துக் கொட்டுவதில்லை என்பதால் இருந்த கொஞ்சமும் வயிற்றுக்குப் போயிருக்கும். மூன்று வாரச் சேமிப்புள்ள ஓர் உடல் அந்த வரவோடு வாரக்கணக்கில் நின்றது என்பதை எண்ணிப் பார்த்தால்தான், அங்கே பாலூட்டிக்கொண்டிருந்த தாய்மார் எதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது உறைக்கும்.

ஏனெனில் பெரிபெரியின் மிகக் கொடிய வடிவம் கைக்குழந்தைகளுக்கு வருவது. தாயின் உடலில் தயமின் வற்றினால் தாய்ப்பாலிலும் வற்றும். தாய் நடமாடிக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று மாதக் குழந்தை, கொழுகொழுவென்றுகூட இருக்கும், திடீரென்று பால் குடிக்க மறுக்கும். வாய் திறந்து அழும், சத்தம் வராது. குரல்வளையின் நரம்பு சோர்ந்துவிட்டது. மூச்சு வேகமாகி, உதடு நீலம்பாரித்து, இதயம் தளர்ந்து சில மணி நேரத்தில் குழந்தை இறந்துவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தயமின் ஊசி ஏறினால் அதே வேகத்தில் தேறியும்விடும். மருத்துவத்தில் இவ்வளவு விரைவாகப் பலிக்கும் மருந்துகள் அதிகமில்லை.

இது ஏட்டுச் செய்தியாக இருந்துவிடவில்லை. தாய்லாந்து எல்லையில் கரேன் அகதிகள் தங்கியிருந்த முகாம்களில், 1980களின் இறுதியில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 18 ஒரு வயதுக்கு முன் இறந்துகொண்டிருந்தன. பெருங்காரணம் பெரிபெரி என்று கண்டறிந்து தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் தயமின் கொடுக்கத் தொடங்கியபின் அது 8க்கும் கீழே இறங்கியது. நேபாளத்தில் பூட்டான் அகதிகளின் முகாம்களில் 1990களில் பெரிபெரி தலைகாட்டியபோது, தீட்டிய அரிசிக்குப் பதிலாகப் புழுங்கலரிசி பங்கிடப்பட்டது, நோய் தணிந்தது. பேரிடர்களில் தயமின் குறைபாட்டைத் தடுப்பதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் 1999இல் தனிக் கைநூல் வெளியிட்டது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்னி மக்கள் அடைக்கப்பட்டது அதற்குப் பத்து ஆண்டுகளின் பின். அத்தகைய இடத்தில் எந்த அரிசி பங்கிடப்படுகிறது என்பது கொள்வனவு அலுவலரின் வசதிக்கு விட்டுவிடக்கூடிய விடயம் இல்லை. வெள்ளமோ வறட்சியோ, இனி இந்த மண்ணில் எந்த நிவாரணம் கொடுக்கப்பட்டாலும், அரிசி புழுங்கலாக இருக்க வேண்டும், கூடவே பருப்போ பயறோ இருக்க வேண்டும் என்பதைச் சட்டம்போல் கொள்வது நல்லது.

இயல்பான நாட்களில் வன்னி இந்த விற்றமினுக்கு ஏங்க வேண்டிய நிலம் அல்ல. மொட்டைக்கறுப்பன் குத்தரிசிச் சோறு இன்னும் கிடைக்கிறது. வவுனியாவின் மேட்டுநிலத்தில் விளையும் உளுந்து, முல்லைத்தீவின் கச்சான், ஊரெங்கும் போடும் பயறு, கௌபி, எள்ளு எல்லாமே தயமின் செறிந்தவை. 100 கிராம் உளுந்திலும் பயறிலும் 0.4 மில்லிகிராமுக்கு மேல், கௌபியில் 0.5 அளவில், எள்ளில் ஒரு மில்லிகிராம். பருவமடைந்த பெண்பிள்ளைக்கு உளுத்தம்மாவும் நல்லெண்ணெயும் எள்ளுருண்டையும் கொடுத்த வீடுகள் சத்துணவுப் பாடம் படித்துச் செய்யவில்லை. செய்தது சரியாகவே இருந்தது.

கைநழுவுவது வேறு இடங்களில். அவிக்க நேரமும் விறகும் இல்லாமல் நெல்லை விற்றுக் கடையில் அரிசி வாங்கும் வீடுகள் பெருகிவிட்டன. காலையில் பாண், இரவில் கோதுமை மா ரொட்டி, இடையில் பலமுறை பிளேன்ரீ. தேயிலையிலும் பாக்கிலும் உள்ள தனின், தயமினைப் பிணைத்துப் பயனற்றதாக்கும். அரிசியை நாலைந்து தண்ணீரில் கழுவி, நிறையத் தண்ணீரில் அவித்து, கஞ்சியை வடித்து மாட்டுக்கு ஊற்றினால், பச்சையரிசியில் இருந்த தயமினில் பாதிவரை தொட்டியோடு போகும். புழுங்கலரிசி இதையும் ஓரளவு தாங்கும். ஆனாலும் வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்த பழைய பழக்கம் காரணமில்லாததல்ல. பருப்பு வேகச் சோடா போடுவதும் இந்த விற்றமினை அழிக்கும். காரம் பட்ட சூட்டில் அது நிலைக்காது.

எல்லாவற்றையும்விட இன்று கவலை தருவது கசிப்பு. போருக்குப் பின் வன்னிக் கிராமங்களில் பரவிய குடி, குடும்பங்களை உடைப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அது மூளையைத் தின்பது தெரிவதில்லை. மது, குடலில் தயமின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஈரலில் அது தங்குவதைக் குறைக்கிறது. குடிப்பவர் சாப்பிடுவதும் குறைகிறது. இப்படி வற்றிய மூளைக்கு வரும் நோயை 1881இல் ஜேர்மானிய மருத்துவர் கார்ல் வேர்ணிக் விவரித்தார். கண் நேராக அசையாது, நடை தள்ளாடும், மனம் குழம்பும். வீட்டார் கண்ணுக்கு இது வழக்கமான வெறி போலத்தான் இருக்கும். "வெறி முறிய எழும்புவார், விடுங்கோ" என்று திண்ணையில் கிடத்திவிடுவார்கள். குடிக்காத நாளிலும் தள்ளாட்டமும் தடுமாற்றமும் தொடர்ந்தால், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கர்ப்ப காலத்தில் வாரக்கணக்கில் சத்தி எடுத்து எதுவும் வயிற்றில் தங்காத பெண்ணுக்கும் இதே நோய் வரலாம். அவரைக் குடியோடு தொடர்புபடுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றாது என்பதால் அங்கே ஆபத்து இன்னும் கூட.

இங்கே சிகிச்சையின் ஒழுங்கு உயிரை முடிவுசெய்கிறது. சோர்ந்து கிடப்பவரைக் கண்டதும் சேலைன் ஏற்றச் சொல்லிக் கேட்பது நம் ஊர் வழக்கம். தயமின் வற்றிய ஒருவருக்கு முதலில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், எஞ்சியிருந்த துளித் தயமினும் அதை எரிக்கப் போய் முடிந்து மூளை மேலும் பாதிக்கப்படலாம். ஆகவே குளுக்கோஸுக்கு முன்னரோ அதனுடனோ தயமின் ஊசி நாளத்தின் வழியே ஏற வேண்டும், அதுவும் தாராளமான அளவில். மருந்து மலிவு. மிஞ்சினால் சிறுநீரோடு போய்விடும். தயமினோடு கைகோத்து வேலை செய்யும் மக்னீசியமும் இவர்களிடம் குறைந்திருப்பதுண்டு. அதையும் பார்க்க வேண்டும். கண்ணசைவு பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் சீராகிவிடும். நடை திரும்ப வாரங்கள் ஆகும். தவறவிட்டால் எஞ்சுவது, ரஷ்ய மருத்துவர் கோர்சகோவின் பெயரால் அறியப்படும் மறதி நோய்: பழையவை ஓரளவு நிற்கும், புதிதாக எதுவும் மனதில் பதியாது, காலையில் வந்துபோன பிள்ளையை மாலையில் ஏன் வரவில்லை என்று கேட்பார். அது பலருக்கு முழுமையாகக் குணமாவதில்லை. அதனால்தான் குடிப்பழக்கம் உள்ளவரோ பல நாள் உணவு தங்காதவரோ குழப்பத்தோடு வந்தால், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் சந்தேகத்தின் பேரிலேயே ஊசியைத் தொடங்கிவிட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. கிராமத்து வைத்தியசாலையின் அலுமாரியிலும் அந்தக் குப்பி எந்நேரமும் இருக்க வேண்டும்.